பால் பாக்கெட்டில் ஒரு கீறல்: உலோக விரிசல் எப்படி வளர்கிறது?

காலையில் காப்பி போட்டு முடித்ததும் காலி பால் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஓரமாகக் கத்தரித்து, உள்ளே கழுவித் துடைத்து, ஒற்றைத் தாளாக விரித்து மேசைமேல் வையுங்கள். விமான இறக்கையில் விழுந்த ஒரு விரிசல் அடுத்த ஆயிரம் பறப்புகளில் எவ்வளவு நீளும் என்று கணக்குப் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்கும் விஷயங்களில் பெரும்பகுதியை அந்தப் பாலிதீன் தாளிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் எங்கும் வெட்டாமல் தாளின் இரு பக்கத்தையும் பிடித்து இழுங்கள். லேசில் கிழியாது. விரல் வலிக்கும், பாலிதீன் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். இப்போது ஒரு ஓரத்தில் கத்தரிக்கோலால் அரை சென்டிமீட்டர் நறுக்குங்கள். பிறகு அந்த நறுக்கு வாய் திறக்கும்படி இரு பக்கமும் இழுங்கள். அதே கை, அதே பலம்தான். இந்த முறை கீறல் நகர ஆரம்பிக்கும். தாளின் அகலத்தில் நீங்கள் வெட்டியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் அதன் பலத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

இழுக்கும் விசை தாள் முழுக்கப் பரவிக் கடந்து போகிறது. கீறல் இருக்கும் இடத்தில் அதற்கு வழி அடைபட்டுவிடுகிறது. சுற்றிக்கொண்டு போகவேண்டிய விசையெல்லாம் கீறலின் நுனியில் வந்து குவிகிறது. கண்ணாடி ஏன் அதன் கணக்குப்படியான பலத்தைக் காட்டாமல் சீக்கிரம் உடைகிறது என்று ஆராய்ந்த இங்கிலாந்தின் கிரிஃபித் 1920-களின் தொடக்கத்தில் இதற்கு அடித்தளம் போட்டார். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் காரணம் என்றார். 1957-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் இர்வின், நுனியில் குவியும் தகைவின் (ஒரு பரப்பின்மேல் வரும் விசையின்) வீரியத்தை ஒரே எண்ணில் சொல்லும் வழியைக் கண்டுபிடித்தார். பொறியாளர்கள் அந்த எண்ணை 'கே' என்பார்கள். இழுப்பு இரண்டு மடங்கானால் கே-யும் இரண்டு மடங்காகும். விரிசலின் நீளம் இரண்டு மடங்கானால் போதாது, நான்கு மடங்கானால்தான் கே இரண்டு மடங்காகும். இந்த இரண்டு வரியை மனசில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிது.

ஒரே இழுப்பில் கிழித்துவிடுவது வேறு சங்கதி. உலோகத்தில் நம்மைக் கவலைப்பட வைப்பது, கிழிக்கப் போதாத சின்ன இழுப்பு திரும்பத் திரும்ப வருவது. விமானம் மேலே ஏறும்போது பயணிகள் மூச்சுவிடுவதற்காக உள்ளே காற்றழுத்தம் ஏற்றப்படுகிறது. உடற்பகுதி ஒரு மயிரிழை உப்புகிறது. தரையிறங்கியதும் சுருங்குகிறது. ஒரு பறப்புக்கு ஒரு சுற்று. இறக்கைக்கோ ஒவ்வொரு காற்று மோதலும் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விரிசலின் நுனியில் உள்ள உலோகப் படிகங்கள் கொஞ்சம் வழுக்கி நகர்கின்றன. நுனி திறந்து மழுங்குகிறது. சுமை இறங்கும்போது மறுபடி கூர்மையாகிறது. இந்தத் திறப்பிலும் மூடலிலும் விரிசல் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோ முன்னேறிவிடுகிறது. பாலிதீன் இப்படிப் படிகம் படிகமாக வழுக்குவதில்லை, அது நீண்டு மெலிந்து கிழிகிறது. அந்த வித்தியாசம் உண்டு. ஆனால் நுனியைச் சுற்றி நடக்கும் மற்ற காரியங்களில் இரண்டும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்துப்போகின்றன.

விட்டு விட்டு இழுத்த தாளின் கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு இழுப்பும் நின்ற இடத்தில் ஒரு சிறு மேடு தட்டும். உடைந்த உலோகத்தின் முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் இதேபோல் வரிவரியாக அடுத்தடுத்துக் கோடுகள் தெரியும். சீராக ஏறி இறங்கும் சுமையில், ஒரு கோடு என்பது ஒரு சுற்று. விபத்தை ஆராய்பவர்கள் இந்தக் கோடுகளின் இடைவெளியை அளந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். விரிசல் எத்தனை பறப்புகளுக்கு முன் பிறந்தது என்பது இப்படித்தான் தெரியவருகிறது.

இனி கணக்கு. அமெரிக்காவின் பால் பாரிஸ் போயிங் நிறுவனத்தில் வேலை செய்த அனுபவத்தோடு, 1960-ஐ ஒட்டி ஒரு யோசனை சொன்னார். ஒரு சுற்றில் விரிசல் எவ்வளவு நகரும் என்பதைத் தீர்மானிப்பது, அந்தச் சுற்றில் கே எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதுதான் என்றார். தகடு பெரிதா சிறிதா, இழுப்பு அதிகமா குறைவா என்று தனித்தனியாகப் பார்க்கவேண்டாம். எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் வந்துவிடும். இன்றைக்கு எந்தப் பொறியியல் மாணவருக்கும் மனப்பாடமான இந்த விதியை அன்றைய பெரிய ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் 1961-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழில்தான் அது அச்சேறியது.

விதியின் சாரம்: விரிசலின் வேகம், கே-யின் ஏற்ற இறக்கத்தை ஏதோ ஒரு அடுக்குக்கு உயர்த்தினால் கிடைக்கும் எண்ணைப் பொறுத்தது. அலுமினியம், எஃகு போன்றவற்றுக்கு அந்த அடுக்கு சுமார் 3. அதாவது சுமை இரண்டு மடங்கானால் விரிசல் எட்டு மடங்கு வேகத்தில் ஓடும். நீளத்தின் விளைவு இதைவிடப் பயங்கரம். ஒரு பெரிய தகட்டில் 1 மில்லிமீட்டர் விரிசல் 4 மில்லிமீட்டர் ஆவதற்கு 10,000 சுற்றுகள் பிடித்தால், 4-லிருந்து 16 ஆவதற்கு 5,000 போதும், 16-லிருந்து 64 ஆவதற்கு 2,500 போதும். ஆயுளின் பாதி, கண்ணுக்குத் தட்டுப்படாத சின்ன விரிசலிலேயே கழிந்துவிடுகிறது. 'நன்றாகத் தெரிகிற அளவுக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்தால் அப்போது கையில் மிஞ்சும் அவகாசம் கொஞ்சம்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் சுமை ஒரே அளவில் ஏறி இறங்கினால். ஆய்வகத்து இயந்திரம் அப்படி இழுக்கும். வானம் அப்படி இழுப்பதில்லை. இறக்கையில் ஒட்டிய உணர்கருவி காட்டும் வரைபடத்தைப் பார்த்தால் தாறுமாறான ஏற்ற இறக்கம். இதில் எது ஒரு சுற்று, எது இன்னொரு சுற்றுக்குள் அடங்கிய குட்டிச் சுற்று? 1968-ல் ஜப்பானின் மட்சுயிஷியும் எண்டோவும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். வரைபடத்தைத் திருப்பிச் செங்குத்தாக நிறுத்தினால் பகோடாக் கோயிலின் அடுக்கடுக்கான கூரைச் சரிவுகள் மாதிரித் தெரியும். ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் மழைநீரை வழியவிட்டு, அது எங்கே நிற்கிறது என்று பார்த்தால் சுற்றுகள் தானாகப் பிரிந்துவிடும். அதனாலேயே மழையோட்ட எண்ணிக்கை என்று இதற்குப் பெயர். இதன் அருமை, பெரிய சுற்றுகளைத் தவறவிடாமல் பிடிப்பதில் இருக்கிறது. காற்று மோதல்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனால், தரையிலிருந்து வானத்துக்கும் வானத்திலிருந்து தரைக்கும் போய்வந்த அந்த ஒரே பெரிய ஊசலைக் கோட்டை விட்டுவிடுவோம். பல விமானங்களில் அதிகச் சேதம் செய்வதே அதுதான்.

சுற்றுகளைப் பிரித்தாகிவிட்டது. அடுத்து? கூட்டவேண்டியதுதான் என்றார்கள் பழையவர்கள். ஸ்வீடனின் பால்ம்கிரென் 1924-ல் பந்துத் தாங்கிகளுக்காகவும், டக்ளஸ் விமான நிறுவனத்தின் மைனர் 1945-ல் விமான உறுப்புகளுக்காகவும் ஒரே கூட்டலைச் சொன்னார்கள். இந்த அளவுச் சுமையை ஒரு பொருள் 50,000 முறை தாங்கும் என்றால், 5,000 முறை ஏற்றியதும் அதன் ஆயுளில் பத்தில் ஒரு பங்கு தீர்ந்தது. ஒவ்வொரு சுமைக்கும் இப்படிப் பங்கு எடுத்துக் கூட்டிக்கொண்டே வா, கூட்டல் 1-ஐத் தொடும்போது பொருள் உடையும். எளிமையான கணக்கு. இன்றைக்கும் முதல் மதிப்பீட்டுக்கு எல்லோரும் போடுவது இதைத்தான். ஆனால் சோதனைகளில் 1-க்கு வெகு முன்பே உடைந்த துண்டுகள் உண்டு, 2-ஐத் தாண்டியும் உடையாதவை உண்டு.

எங்கே பிசகுகிறது? கூட்டலில் வரிசை கிடையாது. எதை முதலில் கூட்டினாலும் விடை ஒன்றுதான். விரிசலுக்கோ வரிசைதான் எல்லாம். இதைப் புரியவைக்கப் பால் பாக்கெட்டைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது.

புதிதாக ஒரு நறுக்குப் போடுங்கள். இந்த முறை மெதுவாக, நுனியையே பார்த்தபடி இழுங்கள். கீறல் ஓடுவதற்கு முன்னால் நுனிக்கு எதிரே உள்ள ஒரு சிறு திட்டு மட்டும் நீண்டு, நிறம் வெளுத்து, மெலிந்துபோவது தெரியும். அந்த இடத்தில் பாலிதீன் தன் எல்லையைத் தாண்டி இழுபட்டுவிட்டது, இனிப் பழைய அளவுக்குத் திரும்பாது. எந்த உலோக விரிசலின் நுனியிலும் இப்படி ஒரு திட்டு உண்டு. விமானத் தகட்டில் பரவலாகப் பயன்படும் 2024 ரக அலுமினியத்தில், தகட்டின் நடுவில் 20 மில்லிமீட்டர் நீள விரிசல் ஒன்று, 100 மெகாபாஸ்கல் இழுவிசையில் இருக்கிறது என்று வையுங்கள். திட்டின் நீளம் கணக்குப்படி சுமார் 0.8 மில்லிமீட்டர் வரும்.

இப்போது ஒரு வலுவான இழுப்பு. ஆனால் முழுக்கக் கிழித்துவிடாதீர்கள். திட்டு பெரிதாகும். பிறகு கையைத் தளர்த்திவிட்டு முன்பு இழுத்த அதே மெல்லிய பலத்தில் திரும்பத் திரும்ப இழுத்துப் பாருங்கள். கீறல் அசையாது. சற்று முன் நகர்ந்துகொண்டிருந்த அதே கீறல், அதே பலத்துக்கு இப்போது மசிய மாட்டேன் என்கிறது. பெரிய இழுப்பு சேதத்தைக் கூட்டியிருக்கவேண்டும் அல்லவா? கூட்டல் கணக்கு அப்படித்தான் சொல்லும்.

தாளை மேசைமேல் தளர்வாக விட்டு அந்தத் திட்டைப் பாருங்கள். அது தட்டையாகப் படியாது. சுருங்கிச் சுருங்கி மேலே எழும்பி நிற்கும். நீண்டுபோன திட்டு தன் புதிய அளவில் இருக்கப் பார்க்கிறது. சுற்றியுள்ள தாளோ பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. பெரிதாகிவிட்ட ஒன்றுக்குப் பழைய இடம் போதவில்லை. பாலிதீன் மெல்லியது என்பதால் மேலே மடிந்து தப்பித்துக்கொள்கிறது. உலோகத் தகடு அப்படி மடிய முடியாது. அதனால் சுற்றியுள்ள உலோகம் நாலாபுறமும் அந்தத் திட்டை நெருக்கி அழுத்திப் பிடிக்கிறது. விரிசலின் நுனி இப்போது ஒரு இடுக்கிக்குள் மாட்டிய மாதிரிதான். அடுத்து வரும் சின்ன இழுப்புகளின் பலமெல்லாம் இந்த அழுத்தத்தைச் சரிக்கட்டவே செலவாகிறது, விரிசலைத் திறக்க மிச்சம் இல்லை.

எண்ணில் பார்ப்போம். திட்டின் அளவு கே-யின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே ஒரு முறை சுமை இரண்டு மடங்காக வந்தால், 0.8 மில்லிமீட்டர் திட்டு நான்கு மடங்காகி 3.3 மில்லிமீட்டர் ஆகிறது. பழைய சுமைக்குத் திரும்பியதும் விரிசல் தன் சின்னத் திட்டோடு இந்தப் பெரிய திட்டுக்குள் ஊர்ந்து போகவேண்டும். அமெரிக்காவின் வீலர் 1972-ல் இதை ஒரு எளிய சூத்திரமாக்கினார். சின்னத் திட்டின் அளவைப் பெரிய திட்டில் இன்னும் கடக்கவேண்டிய தூரத்தால் வகுத்து, வரும் பின்னத்தை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, பாரிஸ் விதி தரும் வேகத்தோடு பெருக்கவேண்டும். நம் எடுத்துக்காட்டில் பின்னம் கால். அடுக்கு 1.5 என்று கொண்டால் வேகம் எட்டில் ஒன்றாகக் குறைகிறது. ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் தூரம் நகர நகர வேகம் படிப்படியாக மீளும். பெரிய சுமை இன்னும் பெரிதாக இருந்தால் விரிசல் ஒரேயடியாக நின்றுவிடுவதும் உண்டு.

வீலரின் சூத்திரத்துக்கு ஒரு பலவீனம். அந்த அடுக்கை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒவ்வொரு வகைச் சுமை வரிசைக்கும் சோதனை செய்து பொருத்தவேண்டும். சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. பெரிய சுமை வந்த உடனேயே விரிசல் மெதுவாவதில்லை. சற்று தூரம் வேகம் கூடியோ அப்படியேயோ போய், அப்புறம்தான் தொய்கிறது. இதற்கு விடை ஆஸ்திரேலியாவில் ஏற்கனவே கிடைத்திருந்தது. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த வுல்ஃப் எல்பர், சுமை இறங்கும்போது விரிசல் எப்போது மூடுகிறது என்று நுணுக்கமாக அளந்தார். சுமை பூச்சியத்துக்கு வந்தால்தான் மூடும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். எல்பரின் அலுமினியத் தகட்டிலோ, பூச்சியத்திலிருந்து உச்சம் வரை ஏறி இறங்கும் சுமையில் பாதி இழுவிசை இன்னும் மிச்சமிருக்கும்போதே விரிசலின் இரு முகங்களும் ஒட்டிக்கொண்டன. அதாவது சுற்றின் கீழ்ப்பாதி விரிசலின் நுனிக்குத் தெரியவே இல்லை. நுனி உணர்வது மேல்பாதியை மட்டும்தான்.

எப்படி? கிழிந்த பாக்கெட்டின் இரு ஓரங்களையும் பழையபடி சேர்த்து வைக்க முயன்று பாருங்கள். பொருந்தாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறும். கீறல் கடந்துபோன வழியெல்லாம் இழுபட்டு நீண்ட பாலிதீன் இரு பக்கமும் கூடுதலாக நிற்கிறது. உலோகத்திலும் விரிசல் தன் திட்டைப் பிளந்துகொண்டுதான் முன்னேறுகிறது. பிளந்த திட்டின் நீண்ட உலோகம் பின்னால் இரு முகங்களிலும் தங்கிவிடுகிறது. அதனால் முகங்கள் சீக்கிரமே ஒன்றை ஒன்று தொட்டுவிடுகின்றன. ஒரு பெரிய சுமை உண்டாக்கிய பெரிய திட்டு இன்னும் தடிப்பான மிச்சத்தை விட்டுச்செல்லும். ஆனால் விரிசல் அதற்குள் கொஞ்சம் நுழைந்து, அந்தத் தடிப்பு நுனிக்குப் பின்னால் வந்த பிறகுதான் அது முட்டுக்கொடுக்க முடியும். தாமதமாகத் தொய்வது அதனால்தான். நாசாவின் லாங்லி மையத்தில் ஜேம்ஸ் நியூமன் எழுதிய கணினி நிரல், விரிசலின் பின்னால் தங்கும் இந்த மிச்சத்தைத் துண்டு துண்டாக நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றாக முன்னேறுகிறது. மழையோட்ட எண்ணிக்கை வரிசையைத் தொலைத்துவிடும். விரிசல் கணிப்புக்கு வரிசை தொலையக்கூடாது. கணினி வளர்ந்த பிறகே ஒவ்வொரு சுற்றாகக் கணக்கிடும் இந்த முறை அன்றாடத் தொழிலுக்கு வந்தது.

சுமையின் வரிசை முக்கியம் என்ற இந்தப் பாடத்தை உலகம் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1952 மே மாதம் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்குக்குப் பயணிகளோடு பறந்த காமெட்தான் உலகின் முதல் ஜெட் பயணி விமானம். 1954 ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து கிளம்பிய ஒரு காமெட் எல்பா தீவுக்கு அருகே வானிலேயே சிதறியது. 35 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 8 அன்று இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்தது, 21 பேர். முதலாவது சுமார் 1,290 முறை அழுத்தம் ஏற்றிப் பறந்திருந்தது, இரண்டாவது சுமார் 900 முறை. ஆனால் விமானத்தைச் செய்த டி ஹாவிலண்ட் நிறுவனம் உடற்பகுதியின் ஒரு துண்டை முன்பே சோதித்திருந்தது. அது 16,000 முறையைத் தாங்கியது.

நேர்மையாகச் செய்த சோதனைதான் அது. ஆனால் திரும்பத் திரும்ப அழுத்தம் ஏற்றுவதற்கு முன்னால், பலத்தைப் பரிசோதிப்பதற்காக அதே துண்டின்மேல் வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு வரை ஏற்றியிருந்தார்கள். ஜன்னல் மூலைகளில் உலோகம் தன் எல்லையைத் தாண்டி இழுபட்டது. அழுத்தம் இறங்கியதும் சுற்றியிருந்த தகடு அந்த மூலைகளை நெருக்கிப் பிடித்துக்கொண்டது. நம் பாக்கெட்டில் சுருங்கி எழும்பிய அதே திட்டுதான். அந்த ஒரு பெரிய அழுத்தம் சோதனைத் துண்டுக்கு மட்டும் நீண்ட ஆயுளைத் தந்துவிட்டது. பயணிகளை ஏற்றிப் பறந்த விமானங்களுக்கு அந்த இரண்டு மடங்கு அழுத்தம் கிடைக்கவில்லை. சதுர ஜன்னல்தான் காமெட்டைக் கவிழ்த்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த ஜன்னல்களின் மூலைகள் வளைந்தவைதான். மூலையில் தகைவு எதிர்பார்த்ததைவிட அதிகம் குவிந்தது, ஆயுள் சோதனை அதை மறைத்துவிட்டது. என் பார்வையில் இரண்டாவதுதான் ஆழமான பிழை. முதல் பிழையைப் பிடித்திருக்கவேண்டிய வலையே அங்கே அறுந்துபோயிற்று.

ஃபார்ன்பரோவில் ஆர்னால்ட் ஹால் தலைமையில் நடந்த விசாரணை, சேவையிலிருந்த ஒரு முழு காமெட்டையே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தது. இறக்கைகள் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கி அழுத்தம் கொடுத்தார்கள். காற்றாக இருந்தால் உடையும்போது வெடித்துத் தடயமே மிஞ்சாது. ஏற்கனவே 1,221 பறப்புகளை முடித்திருந்த அந்த விமானம், தொட்டியில் இன்னும் 1,836 சுற்றுகளுக்குப் பிறகு கிழிந்தது. மொத்தம் 3,057. 16,000 எங்கே, 3,057 எங்கே!

அப்படியானால் பெரிய சுமை நல்லதா? வேண்டுமென்றே அதைப் பயன்படுத்தும் இடங்கள் உண்டு. விமானத் தகட்டில் ஆணி அடிக்கும் துளைகளுக்குள், துளையைவிடச் சற்றுப் பெரிய உருளையை வலிந்து இழுத்து எடுப்பார்கள். துளையின் விளிம்பு நீண்டு, சுற்றியுள்ள உலோகத்தின் பிடிக்குள் மாட்டிக்கொள்ளும். அங்கே விரிசல் முளைத்தாலும் வளர்வது கஷ்டம். ஆனால் வானத்தில் தானாக வரும் பெரிய சுமையை நம்பிக் கணக்குப் போடுவது ஆபத்து. அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, பெரிய இழுப்புக்குப் பின்னாலேயே பெரிய அமுக்கம் வந்தால் கிடைத்த நன்மையில் பெரும்பங்கு கரைந்துவிடும். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது, அதன் அடித்தகடு இழுபடுகிறது. தரையில் எரிபொருளின் கனத்தால் இறக்கை தொங்குகிறது, அதே அடித்தகடு அமுங்குகிறது. ஒவ்வொரு தரையிறங்கலும் புயலில் கிடைத்த பாதுகாப்பில் கொஞ்சத்தை அழித்துவிடுகிறது. இதைப் பாக்கெட்டில் பார்க்க முடியாது. பாலிதீன் தாளை அமுக்கினால் அது வெறுமனே மடியும். ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். நெதர்லாந்தும் ஜெர்மனியும் சேர்ந்து 1973-ல் பயணி விமான இறக்கைகளுக்கென்று ஒரு பொதுச் சுமை வரிசையை வகுத்தன. அதில் 4,000 பறப்புகள், பத்து வகை வானிலை. மிகக் கடுமையான காற்று மோதல் 4,000 பறப்புகளில் ஒரே ஒரு முறைதான் வரும். அந்த ஒற்றை மோதலைச் சோதனையில் சேர்த்தால் விரிசல் மெதுவாக வளர்கிறது. நீக்கினால் வேகமாக வளர்கிறது. கடுமையான புயலைச் சந்தித்த விமானத்தில் விரிசல் மெதுவாகவும், அமைதியான வானத்திலேயே பறந்த விமானத்தில் வேகமாகவும் வளரலாம் என்று இதற்கு அர்த்தம். ஒரே மாடலில் நூறு விமானங்கள் பறக்கும்போது அந்தப் புயல் எல்லோருக்கும் வந்தே தீரும் என்று யார் உத்தரவாதம் தருவது? டெல்ஃப்ட் நகரின் யாப் ஸ்கைவ் பல ஆண்டு இதை ஆராய்ந்தவர். விமானத்தின் ஆயுளில் பத்து முறைக்கும் குறைவாக வரக்கூடிய பெரிய சுமைகளைச் சோதனை வரிசையிலிருந்து வெட்டிவிடுங்கள் என்பது அவர் சொன்ன நடைமுறை. தெரியாதவர் காதில் விழுந்தால் சோதனையை இலகுவாக்குகிறார்கள் என்று தோன்றும். உண்மையில் அதைக் கடுமையாக்குகிறார்கள்.

சுமை வரும் திசையும் மாறும். தாளை நேராக இழுக்காமல் ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் வைத்துக் கோணலாக இழுத்தால் கீறல் திரும்பி வளைந்து போகும். என்ஜினின் கிராங்க் தண்டு வளைவதும் முறுக்கப்படுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இரண்டும் சேர்ந்து உச்சத்தைத் தொடாமல் மாறி மாறித் தொட்டால் கணக்கு இன்னும் சிக்கலாகும். விரிசல் பொதுவாகத் தன்னை நேராகத் திறக்கும் இழுப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் திரும்பும். நெடுக்கே கிழிவதும் குறுக்கே கிழிவதும் பாக்கெட்டில் ஒன்றுபோல் இருக்காது. உருட்டித் தட்டிய அலுமினியத் தகட்டிலும் அப்படித்தான்.

இவ்வளவையும் சேர்த்துக் கணித்த விடை சரியா என்று எப்படிச் சரிபார்ப்பது? சிக்கலான சுமையில் உடைந்த முகத்தில் கோடுகள் ஒரே சீராக இருக்காது, எண்ணுவது பெரும்பாடு. அதனால் சோதனையின் நடுவே குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு அடையாளச் சுமைத் தொகுதியை நுழைப்பார்கள். இத்தனை பெரிய சுற்று, அப்புறம் இத்தனை சின்னச் சுற்று என்று திட்டமிட்ட ஒரு கோலம். துண்டு உடைந்த பிறகு நுண்ணோக்கியில் அந்தக் கோலத்தைத் தேடிப் பிடித்தால், ஐயாயிரமாவது பறப்பில் விரிசல் இங்கே, பத்தாயிரமாவதில் இங்கே என்று நுனியின் பயணத்தைக் கோடு போட்டுக் காட்டிவிடலாம். கணினியின் விடையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

கடைசியில் இந்தக் கணிப்பு எதற்கு என்பது 1969 டிசம்பர் 22 அன்று தெளிவானது. அமெரிக்காவின் நெவாடாவில் ஒரு எஃப்-111 போர்விமானத்தின் இடது இறக்கை பறக்கும்போதே பிய்ந்தது. அதில் இருந்த இருவரும் இறந்தார்கள். விமானம் நூறு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகத்தான் பறந்திருந்தது. இறக்கையைத் தாங்கும் உயர்பல எஃகு உறுப்பில் தயாரிக்கும்போதே விழுந்திருந்த, சுமார் 2 சென்டிமீட்டர் குறை ஒன்று எல்லாப் பரிசோதனைகளையும் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தது. அதுவரை புது விமானத்தில் விரிசல் இல்லை என்று வைத்துக்கொண்டு ஆயுளைக் கணித்தார்கள். 1974-ல் அமெரிக்க விமானப்படை அந்த அடிப்படையைத் தலைகீழாக்கியது. புதிய விமானத்தின் ஆணித்துளையிலும் 1.27 மில்லிமீட்டர் விரிசல் முதல் நாளே இருக்கிறது என்று வைத்துக்கொள். அது உடைக்கும் அளவுக்கு வளர எத்தனை பறப்பு ஆகும் என்று கணக்குப் போடு.

விரிசல் பரிசோதனைக் கருவியில் தென்படும் அளவிலிருந்து உடைக்கும் அளவுக்குப் போக 8,000 பறப்புகள் ஆகும் என்று கணிப்பு சொன்னால், விமானத்தை 4,000-க்கு ஒரு முறை பரிசோதனைக்கு நிறுத்துவார்கள். ஒரு தடவை பரிசோதகரின் கண்ணுக்குத் தப்பினாலும் உடைவதற்கு முன் இன்னொரு தடவை பார்க்க வாய்ப்பு இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பாதி.